பிழை பொறுக்கப் பழகுதல்

கடந்த கல்வியாண்டின் காலாண்டுத் தேர்வு. ஏழாம் வகுப்புத் தமிழ் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவியின் தாளில் கட்டுரை வினாவுக்கு விடை இல்லை. தலைப்பை அழகாக எழுதி, அளவுகோல் வைத்து அடிக்கோடிட்டிருந்தாள். அதற்குக் கீழே முழுப் பக்கமும் வெறுமையாக இருந்தது.

அவள் மெல்லக் கற்கும் மாணவி அல்லள். கதை சொல்ல யார் வருகிறீர்கள் என்று கேட்டால் முதலில் எழுந்து நிற்பவள். இடைவேளையில் அழைத்துக் கேட்டேன். தரையையே பார்த்தபடி நெடுநேரம் நின்றவள் மெதுவாகச் சொன்னாள்: "எழுதினா தப்பு வரும் டீச்சர். பக்கம் முழுக்க சிவப்பா சுழிச்சிருப்பீங்க. எழுதாட்டி மார்க் மட்டுந்தான் போகும்."

அந்தச் சொற்கள் எனக்குப் புதியவை அல்ல. அதே பொருளில், வேறு சொற்களில், ஓராண்டுக்கு முன் நானே ஒரு மருத்துவமனை அறையில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அப்போது நான் நான்கு மாதக் குழந்தையின் தாய். அந்த அறையில் நான் கற்றதையும், அதை வகுப்பறைக்குக் கொண்டுவர மறந்ததையும், ஒரு மாணவியின் வெற்றுப் பக்கம் அதை நினைவூட்டியதையும் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அட்டவணைக்குள் ஒரு குழந்தை

நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியை. பணியில் சேர்ந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. பாடக்குறிப்பேட்டில் ஓர் அடித்தல் விழுந்தால் அந்தப் பக்கத்தையே மாற்றி எழுதுவது என் வழக்கம். ஆண்டாய்வின்போது மற்றவர்களுக்குக் காட்ட என் பதிவேடுகளைத்தான் கேட்டு வாங்குவார்கள். அதில் எனக்குப் பெருமை. அந்தப் பெருமைக்கு அடியில் ஓர் அச்சமும் இருந்ததை அன்று நான் அறியவில்லை.

திருமணமாகி ஆறாம் ஆண்டில் மகள் பிறந்தாள். முதல் மூன்று மாதம் தாய்வீட்டில் இருந்தேன். குளிப்பாட்டுவது, சாம்பிராணி காட்டுவது, தூளியில் இட்டுத் தூங்கவைப்பது எல்லாம் அம்மாவின் கைப்பழக்கத்தில் தாமாக நடந்தன. கணவர் வீட்டுக்கு வந்த பிறகுதான் எல்லாம் என் பொறுப்பு என்ற எண்ணம் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது.

ஒரு நோட்டு வாங்கிக் கட்டம் போட்டேன். பால் கொடுத்த நேரம், எந்தப் பக்கம், எத்தனை நிமிடம், சிறுநீர் எத்தனை முறை, தூக்கம் எவ்வளவு என்று பதிந்தேன். எழுத்துப் பிசகினால் பாடக்குறிப்பேட்டைப் போலவே பக்கத்தை மாற்றி எழுதினேன். இரவில் குழந்தை மூச்சு விடுகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். ஓரிரவில் ஒன்பது, பத்து முறைகூட எழுந்ததுண்டு. கணவர் சட்டை மாட்டினால் கழற்றி மறுபடி நானே மாட்டுவேன். சில நாள் பொறுத்தவர், ஒருநாள் விலகிக்கொண்டார். "நீயே பண்ணிடு. நான் பண்ணினா எப்படியும் மறுபடி பண்ணத்தானே போற" என்றார். அவருக்கு அக்கறை இல்லை என்று நான் முடிவு கட்டினேன். அவரோ தமக்குத் தகுதி இல்லை என்று முடிவு கட்டியிருந்தார்.

யாரிடமும் சொல்லாத ஒன்றும் இருந்தது. மாடிப்படியில் இறங்கும்போதெல்லாம் குழந்தை என் கையிலிருந்து நழுவி விழுவதுபோல் ஒரு காட்சி மனத்தில் மின்னும். உடல் நடுங்கும். மாடிக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். இப்படியெல்லாம் தோன்றுகிற ஒருத்தி தாயாக இருக்கத் தகுதியுள்ளவளா என்று இரவெல்லாம் எண்ணுவேன்.

உதவி கிடைத்த விதம்

14ஆம் வாரத் தடுப்பூசிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றிருந்தேன். கிராம சுகாதார செவிலியர் ஏதோ கேட்டார். நான் நோட்டை விரித்து விடை தேடினேன். அவர் நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "டீச்சர், பிள்ளையப் பாக்குறீங்களா, நோட்டப் பாக்குறீங்களா?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் வரிசையை நிறுத்தி, என்னைத் தனியே உட்காரவைத்து, "தூங்கி எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார். அடுத்த வாரமே மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார்.

போவதற்குத் தயங்கினேன். பெற்றோர்களும் பழைய மாணவர்களும் வந்துபோகும் இடம் அது. ஆனால் அங்கே நடந்தது நான் அஞ்சியதுபோல் இல்லை. மனநல மருத்துவர் முதலில் உடலைப் பற்றிக் கேட்டார். இரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் பரிசோதனை எழுதினார். மகப்பேற்றுக்குப் பின் தைராய்டு சுரப்பு மாறினாலும் படபடப்பும் தூக்கமின்மையும் வரலாம் என்பதை அன்றுதான் அறிந்தேன். பிறகு பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தைத் தந்தார். கடந்த ஏழு நாள்களில் மனம் எப்படி இருந்தது என்று கேட்கும் அப்படிவத்துக்கு எடின்பரோ அளவுகோல் என்று பெயர். 1987இல் வெளியான அது இன்று தமிழ் உட்படப் பல மொழிகளில் பயன்படுகிறது. நோய் இன்னதென்று அது முடிவு செய்வதில்லை. மேலும் பேசிப்பார்க்க வேண்டியவர் யார் என்பதைக் காட்டும், அவ்வளவே.

எனக்கு இருந்தது மகப்பேற்றுக்குப் பிந்தைய பதற்றம் என்றார். மருந்து தேவைப்படுவோர் உண்டு. பாலூட்டும் தாய்க்கு ஏற்ற மருந்துகளும் உண்டு. எனக்குப் பேச்சுவழிச் சிகிச்சையே போதும் என்று மருத்துவ உளவியலாளரிடம் அனுப்பினார். வாரம் ஒருமுறையாக 12 அமர்வுகள். அவற்றில் நான் கற்றவற்றைப் பாடமாகவே தருகிறேன்.

முழுமைவாதம் என்பது என்ன?

'நான் எதையும் ஒழுங்காகச் செய்பவள், அது தவறா?' என்பதுதான் என் முதல் கேள்வி. இல்லை என்றார் உளவியலாளர். உயர்ந்த இலக்கு வைப்பது நோயன்று. இலக்கை எட்டாவிட்டால் 'நானே பயனற்றவள்' என்று தன் மதிப்பு முழுவதையும் அதில் அடகு வைப்பதுதான் சிக்கல். இலக்கை எட்டிவிட்டாலும் நிம்மதி வராது. 'அது எளிதாக இருந்ததால் முடிந்தது' என்று மனம் தள்ளிவிட்டு, அடுத்த இலக்கை இன்னும் மேலே வைக்கும். எட்டாவிட்டால் தன்னைத்தானே கடிந்துகொள்ளும். எட்ட முடியாதென்று தோன்றினால் தொடங்காமலே விட்டுவிடும். வெற்றுப் பக்கம் பிறப்பது இங்கேதான்.

கனடா நாட்டு உளவியலாளர்கள் பால் ஹெவிட், கோர்டன் ஃப்ளெட் இருவரும் 1991இல் இதை மூன்று வகையாகப் பிரித்தனர். தன்னிடம் குறையின்மையை எதிர்பார்ப்பது ஒன்று. பிறரிடம் எதிர்பார்ப்பது மற்றொன்று. பிறர் தன்னிடம் அதை எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது மூன்றாவது. இம்மூன்றும் என்னிடம் இருந்தன. நோட்டுப் பக்கத்தை மாற்றி எழுதியது முதல் வகை. கணவர் மாட்டிய சட்டையைக் கழற்றியது இரண்டாம் வகை. 'டீச்சர் பிள்ளையே இப்படியா என்று ஊர் பேசும்' என அஞ்சியது மூன்றாம் வகை.

ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மனநல மருத்துவர் கேரன் ஹார்னி, 1950இல் வெளியான தம் நூலில் இந்த நிலையை 'வேண்டும்' என்பதன் கொடுங்கோன்மை என்ற பொருளில் விளக்கினார். இதைக் கேட்டதும் எனக்குள் இருந்த தமிழாசிரியை விழித்துக்கொண்டாள். நம் மொழியில் 'வேண்டும்' என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. 'எனக்குப் பால் வேண்டும்' என்பது தேவை. 'நான் தவறே செய்யாதிருக்க வேண்டும்' என்பது கட்டளை. ஒருநாள் முழுவதும் என் மனத்தில் ஓடிய 'வேண்டும்'களை எழுதிவரச் சொன்னார் உளவியலாளர். 23 எழுதினேன். அவற்றில் எனக்கான தேவை ஒன்றுகூட இல்லை. எல்லாம் கட்டளைகள். 'எனக்குத் தூக்கம் வேண்டும்' என்பதைக் கூட நான் எழுதியிருக்கவில்லை.

தாயாவதும் ஒரு பருவமாற்றம்

எட்டாம் வகுப்புப் பிள்ளையின் குரல் உடைந்தால் நாம் திகைப்பதில்லை. அது வளரிளம் பருவம் என்று நமக்குத் தெரியும். அதுபோலவே ஒரு பெண் தாயாவதும் உடல், மனம், உறவு, தன்னைப் பற்றிய எண்ணம் எல்லாம் ஒருங்கே மாறும் பருவம். அமெரிக்க மானிடவியலாளர் டானா ரஃபேல் 1970களில் இதற்கென்றே ஒரு தனிச்சொல்லை உருவாக்கினார். தாயாதல் ஒருநாளில் முடிவதன்று என்பதே அச்சொல்லின் கருத்து. தந்தையாவதும் அப்படித்தான். குழந்தை பிறந்த பின் தந்தையருக்கும் மனச்சோர்வும் பதற்றமும் வருவதுண்டு. நம் ஊரில் அவர்களைக் கேட்பாரில்லை.

இந்தப் பருவமாற்றம் ஆசிரியர்களுக்குக் கூடுதல் கடினமாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. நாம் பாடவேளை, பாடத்திட்டம், கற்றல் விளைவு என்று திட்டமிட்டு இயங்குபவர்கள். 45 நிமிடத்தில் ஒரு பாடம் முடிய வேண்டும். குழந்தைக்குப் பாடவேளை கிடையாது; நேற்று பலித்த உத்தி இன்று பலிக்காது. 11 ஆண்டு அனுபவமுள்ள நான், நான்கு மாதக் குழந்தையின் முன் முதல் நாள் பயிற்சி ஆசிரியையாக நின்றேன். அதை ஒப்புக்கொள்ள என் மனம் மறுத்தது.

எண்ணங்களை எழுதிப் பார்த்தல்

எனக்குத் தரப்பட்டது அறிதிறன் நடத்தைச் சிகிச்சை. அமெரிக்க மனநல மருத்துவர் ஏரன் பெக் 1960களில் வளர்த்தெடுத்த முறை. ஒரு நிகழ்ச்சி நம்மை நேரடியாகப் பதறவைப்பதில்லை. அதைப் பற்றி நாம் கொள்ளும் எண்ணமே உணர்ச்சியையும் செயலையும் தூண்டுகிறது என்பது இதன் அடிப்படை. அந்த எண்ணம் நொடியில் தோன்றி மறைவதால் அதை உண்மை என்றே நம்பிவிடுகிறோம். எழுதிப் பார்த்தால்தான் அது ஓர் எண்ணம் மட்டுமே என்பது தெரியும்.

அதற்கு ஐந்து கட்டங்கள்: என்ன நடந்தது, என்ன தோன்றியது, எவ்வளவு பதற்றம் (0 முதல் 100 வரை), அந்த எண்ணத்துக்கு ஆதரவாகவும் எதிராகவும் உள்ள சான்றுகள், இப்போது எப்படிச் சொல்லலாம். என் முதல் பதிவு இது:

நடந்தது: குழந்தை ஒரு மணி நேரம் அழுதாள். தோன்றியது: 'என் பிள்ளைக்கு என்ன தேவை என்பதே எனக்குத் தெரியவில்லை. நான் நல்ல தாயல்லள்.' பதற்றம்: 85. ஆதரவான சான்று: ஒரு மணி நேரமாக என்னால் அமர்த்த முடியவில்லை. எதிரான சான்று: எடை சீராக ஏறுகிறது; என் குரல் கேட்டால் திரும்பிப் பார்க்கிறாள்; என் மாமியார் தூக்கியபோதும் அழுகை நிற்கவில்லை. இப்போது: 'இன்று மாலை அவள் ஏன் அழுதாள் என்பது எனக்குத் தெரியவில்லை. நல்ல தாயருக்கும் தெரியாத மாலைகள் உண்டு.' பதற்றம்: 50.

85 என்பது 50 ஆனதே தவிர, மறையவில்லை. அதைக் குறையாகச் சொன்னேன். "பூஜ்ஜியம் ஆகணும்னு எதிர்பார்த்தீங்களா?" என்று அவர் கேட்டபோது இருவரும் சிரித்துவிட்டோம். சிகிச்சையிலும் நான் நூற்றுக்கு நூறு வாங்கப் பார்த்திருக்கிறேன்!

மாடிப்படிக் காட்சியை மூன்றாம் அமர்வில்தான் சொன்னேன். குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம். அவர் முகம் மாறவேயில்லை. புதிதாகப் பெற்றோரானவர்களில் பெரும்பாலோருக்கு இத்தகைய வேண்டாத எண்ணங்கள் வரும் என்றார். அந்த எண்ணத்தைக் கண்டு நான் அஞ்சி நடுங்குவதே, அது என் விருப்பமன்று என்பதைக் காட்டுகிறது. விரட்ட விரட்டத்தான் அது திரும்ப வரும். வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று படியில் நடப்பதே வழி என்றார். முதல் வாரம் கணவர் பின்னால் வர நடந்தேன். இரண்டாம் வாரம் தனியே நடந்தேன். காட்சி உடனே நிற்கவில்லை. என் நடுக்கம்தான் முதலில் நின்றது.

சிறு சோதனைகள்

இச்சிகிச்சையின் அடுத்த பகுதி, நம் அச்சத்தைச் சோதித்துப் பார்ப்பது. அறிவியல் ஆசிரியர்களுக்கு இது பழக்கமான முறை. முதலில் கருதுகோள், பிறகு சோதனை, அதன்பின் முடிவு.

என் கருதுகோள்: 'அவர் தனியே குளிப்பாட்டினால் காதில் தண்ணீர் போகும், பிள்ளை வீறிட்டு அழும், சளி பிடிக்கும்.' நம்பிக்கை 90. சோதனை: ஒரு ஞாயிறு அவர் குளிப்பாட்ட, நான் 20 நிமிடம் கூடத்திலேயே இருப்பது, எட்டிப் பார்க்காதிருப்பது. தலையில் தண்ணீர் ஊற்றியபோது குழந்தை அழுதாள். கொஞ்ச நேரத்தில் அடங்கினாள். சட்டைப் பொத்தான்கள் ஒன்று தள்ளி மாட்டப்பட்டிருந்தன. அன்று முழுவதும் அப்படியே இருக்க வேண்டும் என்பதும் சோதனையின் பகுதி. கை துறுதுறுத்தது, விட்டுவிட்டேன். சளி பிடிக்கவில்லை. நம்பிக்கை 40 ஆகியது. அடுத்த ஞாயிறு நான் கேட்காமலே அவர் தண்ணீர் விளாவினார்.

நோட்டையும் இப்படியே படிப்படியாக விட்டேன். முதலில் நிமிடக் கட்டம். பிறகு எந்தப் பக்கம் என்ற கட்டம். ஆறாம் வாரம் நோட்டு அலமாரிக்குள் போனது. இரவில் எழுந்து பார்ப்பதை இரண்டு முறை என்று குறைத்தேன். குழந்தையின் எடை முன்போலவே ஏறிக்கொண்டிருந்தது.

அஞ்சியது நடந்தபோது

ஏழாம் மாதத்தில் ஒருநாள் மகளைக் கட்டிலில் கிடத்திவிட்டு, துண்டு எடுக்கத் திரும்பினேன். புரண்டு கீழே விழுந்துவிட்டாள். நெற்றியில் புடைப்பு. மருத்துவர் பார்த்துவிட்டுப் பயமில்லை என்று அனுப்பினார். அன்றிரவே அலமாரியிலிருந்த நோட்டு மறுபடி வெளியே வந்தது. அடுத்த அமர்வில், "எல்லாம் வீணாயிடுச்சு" என்று அழுதேன்.

அவர் அன்று எனக்கு இருவரைப் பற்றிச் சொன்னார். இங்கிலாந்துக் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட் முதலாமவர். 1940களிலேயே வானொலியில் தாய்மாரிடம் எளிய மொழியில் பேசியவர். 'போதுமான அளவு நல்ல தாய்' என்ற கருத்து அவருடையது. தொடக்கத்தில் குழந்தையின் தேவைக்கு ஏறக்குறைய முழுமையாக ஈடுகொடுக்கும் தாய், குழந்தை தாங்கத் தாங்க மெல்ல மெல்லக் குறைத்துக்கொள்கிறாள். அந்தச் சிறு ஏமாற்றங்களே உலகம் தன் விருப்பப்படி மட்டும் இயங்காது என்பதைக் குழந்தைக்குக் கற்பிக்கின்றன என்றார் அவர்.

மற்றவர் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக். 1970களில் அவர் நடத்திய ஆய்வில், தாய் சில நிமிடம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருப்பார். குழந்தை சிரித்தும் கைநீட்டியும் தாயை மீட்கப் பார்க்கும், முடியாதபோது கலங்கும். தாய் மீண்டும் முகம் மலர்ந்ததும் உறவு மெல்லச் சேரும். நல்லுறவுள்ள தாயும் சேயும்கூட ஏறத்தாழ 30 விழுக்காட்டு நேரமே ஒருவருக்கொருவர் இசைந்திருக்கிறார்கள் என்பது அவருடைய பிற்கால ஆய்வுகள் காட்டியது. மீதி நேரம் பிசகுவதும் மறுபடி சரிசெய்துகொள்வதும்தான். குழந்தையின் நம்பிக்கை வளர்வது அந்தச் சரிசெய்தலில் என்பது அவர் கருத்து.

கட்டிலில் இருந்து விழுந்தது கவனக்குறைவுதான். அதன்பிறகு தரையில் பாய் விரித்தே கிடத்தினேன். தவற்றிலிருந்து அந்த ஒரு திருத்தம் போதுமானது. தகுதியற்றவள் என்ற தீர்ப்பு தேவைப்படவில்லை. இந்த இரண்டையும் பிரிக்கக் கற்றதே 12 அமர்வுகளில் நான் பெற்ற பெரிய பாடம்.

வகுப்பறை வாசலில் விட்டுவந்தது

மகப்பேறு விடுப்பு முடிந்து ஜூனில் பள்ளி திரும்பினேன். வீட்டில் கற்றதையெல்லாம் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டு வகுப்புக்குள் போயிருக்கிறேன் என்பது செப்டம்பரில் அந்த வெற்றுப் பக்கத்தைக் கண்டபோதுதான் புரிந்தது. என் சிவப்பு மை ஒரு ஒற்றுப்பிழையையும் விட்டுவைத்ததில்லை. பத்து வரிக் கட்டுரையில் இருபது சுழிப்புகள். பிள்ளைகள் அதில் படித்தது சந்தி இலக்கணத்தை அன்று. எழுதாதிருப்பதே பாதுகாப்பு என்பதைத்தான்.

அன்றுமுதல் சிலவற்றை மாற்றினேன். விரும்புவோர் தத்தம் வகுப்புக்கேற்ப முயன்று பார்க்கலாம்.

முதலாவது, வரைவேடு. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு சிறு நோட்டு. அதில் என் சிவப்பு மை நுழையாது. அழிரப்பருக்கும் இடமில்லை. தவறினால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மேலே எழுதலாம்.

இரண்டாவது, ஒருமுறைக்கு ஒரே வகைப் பிழை. 'இந்த வாரம் ல, ள, ழ வேறுபாடு மட்டும் பார்ப்பேன்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். மற்றவற்றைக் கண்டும் விட்டுவிடுவேன். முதல் சில நாள்கள் கை துறுதுறுத்தது. பொத்தானை நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது, என் பிழைகள். கரும்பலகையில் நான் தவறாக எழுதியதை ஒரு மாணவர் சுட்டினால், அழிக்காமல் அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியாக எழுதி நன்றி சொல்கிறேன். வேண்டுமென்றே பிழை செய்து நடிப்பதில்லை. அதற்குத் தேவையும் இருப்பதில்லை.

நான்காவது, பாராட்டு. அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடம் கிளாடியா முல்லர், கேரல் ட்வெக் இருவரும் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வு நாம் அறிய வேண்டியது. 'நீ அறிவாளி' என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள், கடினமான புதிர்களில் தோற்றபின் விரைவில் சோர்ந்தார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். ஆகவே 'சூப்பர்' என்பதைக் குறைத்து, 'இரண்டாம் பத்தியை மாற்றி எழுதியதால் தெளிவாகிவிட்டது' என்று செய்ததைச் சொல்கிறேன்.

ஐந்தாவது, சரிசெய்தல். காரணமின்றிக் கடிந்துகொண்டால் அன்றே, அந்த மாணவரிடமே, 'காலையில் நான் பேசியது சரியில்லை' என்று சொல்லிவிடுகிறேன். இதனால் மரியாதை குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

எப்போது உதவி நாடுவது?

பேறு முடிந்த முதல் இரண்டு வாரங்களில் காரணமின்றி அழுகை வருவதும் எரிச்சல் தோன்றுவதும் இயல்பு, தானே தணியும். இரண்டு வாரத்துக்கு மேலும் சோர்வோ பதற்றமோ நீடித்தாலும், குழந்தை உறங்கியும் தாய் உறங்க முடியாவிட்டாலும், அன்றாட வேலை தடைப்பட்டாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தற்கொலை எண்ணம், குழந்தைக்குத் தீங்கு செய்துவிடலாம் என்ற முனைப்பு, இல்லாத குரல் கேட்பது, பேச்சில் தொடர்பின்மை ஆகியவை அவசர நிலை. நாள் கடத்தாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸில் தாயையும் சேயையும் பிரிக்காமல் வைத்துச் சிகிச்சை தரும் பிரிவே இருக்கிறது. மாவட்டந்தோறும் மனநலத் திட்டத்தின் சேவை உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே அழைத்துப் பேசலாம்.

தலைமையாசிரியர்களுக்கும் சக ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விடுப்பு முடிந்து வருபவரிடம் 'நாங்களெல்லாம் பிள்ளை பெறவில்லையா?' என்று கேட்காதீர்கள். 'தூங்க முடிகிறதா?' என்று கேளுங்கள். எனக்கு ஒரு செவிலியர் கேட்ட அந்த ஒரு கேள்விதான் வழியைத் திறந்தது. புதிதாகத் தந்தையான ஆசிரியரிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

மாணவரிடம் இந்த அறிகுறிகளைக் கண்டால் நாமே சிகிச்சையாளர் ஆகிவிட வேண்டாம். தாளைக் கிழிப்பது, மீண்டும் மீண்டும் அழிப்பது, தேர்வு நாளில் வயிற்றுவலி, எழுதாமலே விடுவது ஆகியவை தொடர்ந்தால் பெற்றோரிடம் பேசி, உரிய ஆலோசகரிடம் வழிகாட்டுவது நம் கடமை. பிள்ளையை அச்சமின்றி எழுதவிடும் வகுப்பறையைத் தருவது நம் கையில் இருக்கிறது.

அரையாண்டுத் தேர்வில் அந்த மாணவி கட்டுரை எழுதியிருந்தாள். ஒன்றேகால் பக்கம். மூன்று இடங்களில் அடித்தல். பிழைகள் இருந்தன, ஒரு வகையை மட்டும் குறித்தேன். தாளைக் கொடுத்தபோது விரலால் அடித்தல்களை மறைத்துக்கொண்டு, "அடிச்சது அசிங்கமா இருக்கா டீச்சர்?" என்று கேட்டாள்.

"எந்தச் சொல்ல அடிச்ச, ஏன் அடிச்சன்னு சொல்லு பாப்போம்" என்றேன்.

விரலை எடுத்தாள். முதலில் 'ஆறு' என்று எழுதினாளாம். தன் ஊரில் ஓடுவது வாய்க்கால்தான் என்று பிறகு நினைவு வந்ததாம். அந்த வாய்க்காலில் தன் தம்பி செருப்பைத் தவறவிட்ட கதையைச் சொல்லத் தொடங்கினாள். மணி அடித்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள்.